64 எம்பி கார்டும் சின்ன கேம்களும்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் பேசப்போறது கன்சோல்ல டவுன்லோட் பண்ணி விளையாடுற சின்ன கேம்களைப் பத்தி. சின்னதுன்னா மொபைல் கேம் இல்ல. டிவி முன்னாடி உட்கார்ந்து, கையில கன்ட்ரோலர் வச்சு விளையாடுறதுதான். ஆனா டிஸ்க் கிடையாது, கடையில பெட்டி கிடையாது, ஒரு சாயங்காலத்துலயோ ஒரு வார இறுதியிலயோ முடிஞ்சுடும்.

ஏன் திடீர்னு இது? போன மாசம் மதுரைக்குப் போயிருந்தேன். பெரியப்பா வீட்டைக் காலி பண்றாங்க. பரண்ல இருந்து இறக்கின அட்டைப்பெட்டி ஒண்ணுல அண்ணனோட எக்ஸ்பாக்ஸ் 360 இருந்தது. அண்ணன் 2010-ல அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்தப்போ கொண்டுவந்தது. அந்த ஊர் 110 வோல்ட் மெஷின், அதனால கூடவே செங்கல் கனத்துல ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். நான் அப்போ எட்டாம் வகுப்பு. லீவு விட்டா மதுரை, மதுரைன்னா அந்த டிவி ரூம், அவ்வளவுதான் என் உலகம்.

தூசி தட்டி மாட்டினோம், ஆன் ஆயிடுச்சு. பெட்டியில பெரிய பெரிய கேம் டிஸ்க் எல்லாம் கிடந்தது. அதுல ஒண்ணோட கதைகூட எனக்கு ஞாபகம் இல்ல. ஹார்ட் டிஸ்க்ல இருந்த சின்ன கேம்களோட பெயரைப் பார்த்ததும் ஒவ்வொண்ணோட பாட்டும் தலையில ஓட ஆரம்பிச்சுடுச்சு. அது ஏன்னு யோசிச்சதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, அந்த கேம்கள் ஏன் சின்னதா இருந்தது? செய்றவங்ககிட்ட காசு இல்லாததாலன்னு நினைப்போம். அதுவும் உண்மைதான். ஆனா இன்னொரு காரணம் இருக்கு, ஒரு மெமரி கார்டு.

எக்ஸ்பாக்ஸ் 360 நவம்பர் 2005-ல வந்தப்போ ரெண்டு மாடல். விலை குறைஞ்ச மாடலுக்குப் பெயர் கோர். அதுல ஹார்ட் டிஸ்க் கிடையாது. எதையாவது சேமிக்கணும்னா தனியா ஒரு மெமரி கார்டு வாங்கணும், அதோட அளவு 64 எம்பி. மைக்ரோசாஃப்ட் தன்னோட டவுன்லோட் கேம் கடைக்கு எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேட்னு பெயர் வச்சிருந்தது. கோர் வாங்கினவங்களும் இந்தக் கடையில வாங்க முடியணும், இல்லையா? அதனால ஒரு கேம் 50 எம்பியைத் தாண்டக்கூடாதுன்னு விதி போட்டாங்க.

50 எம்பி எவ்வளவு சின்னதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1024-க்கு 1024 பிக்சல்ல ஒரே ஒரு படம். ஒரு பிக்சலுக்கு 4 பைட். பெருக்கினா 4 எம்பி. அப்படி 12 படம் வச்சா 48 எம்பி போயிடுச்சு. மிச்சம் இருக்கிற 2 எம்பிக்குள்ள கோட், சத்தம், பாட்டு எல்லாம் வரணும். சரி, படத்தைச் சுருக்கலாம். கிராஃபிக்ஸ் சிப் நேரடியா படிக்கிற மாதிரி சுருக்கினா அதே படம் அரை எம்பிக்கு வரும். பாட்டு? 3 நிமிஷப் பாட்டு ஒண்ணு, சுமாரான தரத்துல ஏறக்குறைய 3 எம்பி. பத்துப் பாட்டு போட்டா பாதிக்கு மேல காலி.

அதனால என்ன ஆகும்? கேம் செய்றவர் முதல் நாள்லயே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாகணும்: இந்த கேம்ல எது இல்லாம முடியாது? ஆபீஸ்ல நம்ம டிசைன் டாக்குமெண்ட்ல எழுதுவோமே, 'ஸ்கோப்'னு, அது இங்க மெமரி கார்டுலயே எழுதியிருந்தது.

இன்னொரு சின்னக் கணக்கு, என் சொந்த ஆசைக்கு. அப்போ பெரியப்பா வீட்டு பிராட்பேண்ட் 256 கேபிபிஎஸ். 50 எம்பி கேம் இறங்க அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே லைன்ல 7 ஜிபி டிஸ்க் கேம் ஒண்ணை இறக்கணும்னா ரெண்டரை நாள், அதுவும் கரண்ட் போகாம இருந்தா. அந்த வருஷங்கள்ல மதுரையில கரண்ட் போகாம ரெண்டரை நாளா? சிரிப்புதான். சின்ன கேமா இருந்ததாலதான் அந்த வீட்டுக்குள்ள ஒரு கேம் வந்தது.

விதி அப்படியே இருக்கல. 2007-ல 'கேசில்வேனியா: சிம்ஃபனி ஆஃப் தி நைட்' என்ற பழைய ப்ளேஸ்டேஷன் கேமை ஆர்கேட்ல போடணும்னாங்க, அது 50-க்குள்ள அடங்கல. அதுக்கு மட்டும் விலக்கு கொடுத்தாங்க. அதே வருஷம் 512 எம்பி கார்டு வந்தது, வரம்பு 150 ஆச்சு, பிறகு இன்னும் ஏறிச்சு. நிண்டெண்டோவோட வீ கன்சோல்லயும் இதே கதைதான். உள்ளே இருந்த இடமே மொத்தம் 512 எம்பி, டவுன்லோட் கேமுக்கு வரம்பு 40. 'சூப்பர் மீட் பாய்' வீக்கு வரவேண்டிய கேம், அந்த 40-க்குள்ள அடங்காததால வரல.

இந்த வரம்புக்குள்ள பிறந்ததுல முதல் ஹீரோ 'ஜியாமெட்ரி வார்ஸ்'. லிவர்பூல்ல இருந்த பிசார் கிரியேஷன்ஸ் கார் ரேஸ் கேம் செய்ற கம்பெனி. அங்க ஸ்டீஃபன் கேக்பிரெட்னு ஒரு புரோகிராமர் செஞ்ச குட்டி ஷூட்டிங் கேமை, 2003-ல வந்த 'ப்ராஜெக்ட் கோதம் ரேசிங் 2'-ல கராஜுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாங்க. கார் ஓட்டி அலுத்துப்போனவங்க அதுக்குள்ள போய் மணிக்கணக்குல உட்கார்ந்துட்டாங்க. 360 வெளிவந்த அதே நாள் அதைத் தனி கேமா, 5 டாலருக்கு வித்தாங்க.

கேம்ல என்ன இருக்கு? கறுப்புத் திரை, அதுல ஒரு கட்டம்போட்ட வலை. ஒரு குச்சி நகர்றதுக்கு, இன்னொரு குச்சி சுடுறதுக்கு. எதிரிகள் எல்லாம் வைரம், சதுரம், காத்தாடி. ஒவ்வொண்ணும் வேற மாதிரி நகரும்: ஒண்ணு உங்களையே துரத்தும், ஒண்ணு சும்மா அலையும், பச்சைச் சதுரம் நீங்க சுடுற குண்டைப் பார்த்து விலகும். கோடுகள்தான், படமே கிடையாது. வெடிக்கும்போது வலை நிஜமா துணி மாதிரி நெளியும். அது முழுக்கக் கணக்கு, அதுக்குக் கார்டுல இடமே வேண்டாம்.

இந்த கேமைப் பத்தி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு அச்சீவ்மெண்ட் வச்சிருந்தாங்க, பெயர் 'பேசிஃபிசம்': ஒரு குண்டுகூடச் சுடாம முதல் 60 வினாடி உயிரோட இருக்கணும். சுடுற கேம்ல சுடாதேன்னு சொல்றாங்க! மக்கள் அதுல மாட்டிக்கிட்டாங்க. 2008-ல ரெண்டாவது பாகம் வந்தப்போ அந்த ஒரு சவாலே தனி மோடா ஆயிடுச்சு. சுடவே முடியாது, எதிரிகளைப் பின்னாடி இழுத்துக்கிட்டு வந்து குறுகலான வாசல்கள் வழியா நுழையணும், வாசல் வெடிக்கும். அதோட உங்க நண்பர்கள்ல உங்களுக்கு மேல இருக்கிறவரோட ஸ்கோரைத் திரையோட ஓரத்துலயே காட்டும். 'இன்னும் ஒரே ஒரு தடவை'ன்னு நாங்க ஆடினதுக்கு அந்த ஓரத்து எண்தான் காரணம். எங்க வீட்ல அந்த எண் அண்ணனோடது. நான் கடைசிவரை தாண்டல, அதை இப்ப சொல்லிக்காட்ட வேண்டாம்னு போன்ல அவரைக் கேட்டுக்கிட்டிருக்கேன்.

அடுத்தது, கடையோட இன்னொரு விதி. ஆர்கேட்ல இருக்கிற ஒவ்வொரு கேமுக்கும் இலவச டிரையல் இருந்தாகணும், விதிவிலக்கு கிடையாது. அது எப்படி வேலை செஞ்சதுன்னா, நீங்க டிரையல் இறக்கும்போதே முழு கேமும் இறங்கிடும். காசு கொடுத்தா ஒரு சின்ன லைசென்ஸ் மட்டும் வரும், பூட்டு திறக்கும். இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

இதனால ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, கையில கிரெடிட் கார்டு இல்லாத பையன் ஒருத்தன் ஒரு லீவுல பத்து கேமோட முதல் பத்து நிமிஷத்தை விளையாடினான். ரெண்டாவது, செய்றவங்க அந்தப் பத்து நிமிஷத்துலயே தங்களோட யோசனையைக் காட்டியாகணும். 60 டாலர் கொடுத்து வாங்கின கேம்ல முதல் ஒரு மணி நேரம் 'இந்த பட்டனை அழுத்து'ன்னு பாடம் எடுத்தாலும் பொறுத்துக்குவோம், காசு கொடுத்தாச்சே. இங்க அந்தப் பொறுமை கிடையாது.

அப்படி ஒரு டிரையல்தான் எனக்கு 'பிரெய்ட்'. ஆகஸ்ட் 2008-ல வந்தது. ஜோனதன் ப்ளோ ஏறக்குறைய 2 லட்சம் டாலர் சொந்தக் காசைப் போட்டு செஞ்சது. ஓவியம் டேவிட் ஹெல்மன். பார்க்க மாரியோ மாதிரிதான் இருக்கும், ஓடுவோம், குதிப்போம், எதிரி தலையில மிதிப்போம். ஆனா இதுல சாக முடியாது. விழுந்தா ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்கணும், காலம் பின்னாடி போகும். எவ்வளவு தூரம் வேணும்னாலும்.

எட்டாம் வகுப்புல எனக்கு இது வெறும் மேஜிக். இன்ஜினியர் ஆன பிறகுதான் இது எவ்வளவு பெரிய தலைவலின்னு புரிஞ்சது. காலத்தைப் பின்னாடி ஓட்ட ரெண்டு வழி இருக்கு. பட்டன் அழுத்தினதை மட்டும் பதிவு பண்ணிட்டு ஆரம்பத்துல இருந்து திரும்ப ஓட்டிப் பார்க்கலாம், இல்லன்னா ஒவ்வொரு ஃப்ரேம்லயும் உலகத்தோட மொத்த நிலையையும் சேமிச்சு வைக்கலாம். முதல் வழியில ஒரு சின்ன வித்தியாசம் வந்தாலும் எல்லாம் கலைஞ்சுடும், ரெண்டாவது மெமரியைத் தின்னும். ப்ளோ நிலையைச் சேமிக்கிற வழியை எடுத்து, அதை எப்படியெல்லாம் சுருக்கலாம்னு மெனக்கெட்டார்.

சரி, காலத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். அதோட விட்டிருந்தா அது ஒரு வித்தை. பிரெய்ட் ஒவ்வொரு உலகத்துலயும் அந்த ஒரே யோசனையைக் கொஞ்சம் திருப்பும். ஓர் உலகத்துல சில பொருள்கள் பச்சையா மின்னும், நீங்க காலத்தைத் திருப்பினாலும் அதுங்க மட்டும் திரும்பாது. இன்னொண்ணுல நீங்க வலது பக்கம் நடந்தாத்தான் காலம் முன்னாடி போகும், இடது பக்கம் நடந்தா பின்னாடி, நின்னா எல்லாமே நிக்கும். வேற ஒண்ணுல காலத்தைத் திருப்பினா, நீங்க முன்னாடி செஞ்சதை உங்க நிழல் தனியா திரும்பச் செய்யும், ஒரே ஆள் ரெண்டு வேலை பார்க்கலாம். மொத்தம் 60 புதிர்த் துண்டுகள். ஒரு புதிர் மாதிரி இன்னொண்ணு இருக்காது. யோசனை தீர்ந்ததும் கேமும் தீர்ந்துடும்.

இதுக்கு 15 டாலர் விலை. அப்போ ஆர்கேட்ல வழக்கமா 5, 10 டாலர்தான். இவ்வளவு சின்ன கேமுக்கு இவ்வளவு விலையான்னு நிறைய பேர் கத்தினாங்க. எனக்கு அந்தக் கணக்கே புரியாது. 'ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரூபாய்'னு கேம்களை அளக்கிறோம், அப்படிப் பார்த்தா மெகா சீரியல்தான் உலகத்தோட சிறந்த கலை.

'கேசில் க்ராஷர்ஸ்' பத்தி நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா விடவும் மனசில்ல. அதே ஆகஸ்ட் 2008. நாலு கலர்ல நாலு வீரர்கள், நாலு பேர் ஒரே டிவியில சேர்ந்து எதிரிகளை அடிச்சு இளவரசிகளை மீட்கணும். இளவரசியை மீட்ட உடனே கேம் என்ன செய்யும் தெரியுமா? அவளோட முத்தம் யாருக்குன்னு முடிவு பண்ண, அதுவரை ஒத்துமையா வந்த உங்களையே ஒருத்தரோட ஒருத்தர் மோத விடும். அண்ணன், நான், அக்கா, பக்கத்து வீட்டுப் பையன். பெரியம்மா ஓடி வந்து 'என்னடா ஆச்சு'ன்னு கேட்கிற அளவுக்குச் சண்டை நடந்திருக்கு. ஜெயிச்சது எப்பவும் அக்காதான்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் 'ஜர்னி'. மார்ச் 2012, ப்ளேஸ்டேஷன் 3. தட்கேம்கம்பெனின்னு ஒரு சின்ன குழு, தலைவர் ஜெனோவா சென். ஒரு பாலைவனம், தூரத்துல ஒரு மலை, அங்க போகணும். ரெண்டு மணி நேரம். பாதி வழியில எங்கோ உலகத்துல இருக்கிற ஒரு முகம் தெரியாத ஆள் உங்க திரைக்குள்ள வருவார். பெயர் தெரியாது, பேச முடியாது, டைப் பண்ண முடியாது. ஒரு பட்டன் இருக்கு, அழுத்தினா பறவை மாதிரி ஒரு ஒலி வரும், அவ்வளவுதான் மொழி.

இதை அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கிறதுதான் முக்கியம். ஆரம்ப வடிவத்துல நாலு பேர் விளையாடலாம்னு யோசிச்சிருந்தாங்க, அது ரெண்டாச்சு. ஒருத்தர் மேல ஒருத்தர் மோதவும் தள்ளவும் முடிஞ்சது. உதவிக்குப் பயன்படும்னு நினைச்சு வச்சது. சோதனைக்கு வந்தவங்க என்ன பண்ணாங்க? கூட வந்தவரைப் பள்ளத்துல தள்ளிவிட்டாங்க! மனுஷங்க மோசம்னு சொல்லிட்டுப் போயிடல சென். மோதுறதையே எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா, ரெண்டு பேர் பக்கத்துல வந்தா ரெண்டு பேரோட துண்டும் ஒளிரும், பறக்குற சக்தி கூடும். அந்த ஒரு மாற்றத்துல நடத்தை மாறிடுச்சு. கடைசியில பனிமலை வரும்போது யாரும் சொல்லாமலே ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு நடப்பாங்க.

ஒரு வருஷத்துல முடிக்கலாம்னு ஆரம்பிச்ச கேம், மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. குழுகிட்ட பணமே தீர்ந்துபோச்சு. ஆஸ்டின் வின்டோரியோட இசை கிராமி விருதுக்குப் பரிந்துரை ஆனது, கேம் இசை ஆல்பம் ஒண்ணுக்கு அது முதல் தடவை.

நான் ஜர்னியை விளையாடினது ரொம்பப் பிந்தி, காலேஜ் படிக்கும்போது, ஒரு நண்பன் வீட்ல, ப்ளேஸ்டேஷன் 4-ல. பனியில என்கூட வந்த ஆள் ஒரு தடவை பின்தங்கிட்டார். நான் நின்னேன். அந்த ஒலியை எழுப்பினேன். பதிலுக்கு ஒலி வந்தது. கேம் முடிஞ்ச பிறகு வழியில வந்தவங்களோட பெயர் திரையில வரும். ஒரே ஒரு பெயர் வந்தது. அவருக்கு மெசேஜ் அனுப்பலாமான்னு யோசிச்சு, வேண்டாம்னு விட்டுட்டேன். இப்பவும் அது சரின்னுதான் தோணுது.

இப்போ என் கதை, கொஞ்சம் வெட்கத்தோட. மூணு வருஷம் முன்னாடி ரூம்மேட்டும் நானும் ஆபீஸ் முடிஞ்ச பிறகு ஒரு கேம் செய்ய ஆரம்பிச்சோம். சென்னையில ஒரு தெரு, தண்ணி லாரி வருது, வரிசையா குடம். ஹோஸைப் பிடிச்சு ஒரு சொட்டு கீழ சிந்தாம எல்லாக் குடத்தையும் நிரப்பணும். அவ்வளவுதான் யோசனை. ரெண்டே வாரத்துல ஓடிச்சு, சிரிப்பாவும் இருந்தது. அப்புறம் கதை வேணும்னான் அவன். எனக்கு ஆன்லைன் ஸ்கோர் வேணும். அடுத்து குடத்துக்கு அப்கிரேடு, லாரிக்குக் கடை, அஞ்சு ஏரியா. எட்டு மாசம் ஓடிச்சு. ஒருநாள் ரெண்டு பேருமே அந்த ஃபோல்டரைத் திறக்கல. அடுத்த நாளும் திறக்கல. அப்படியே போயிடுச்சு.

அப்போதான் 'வேர்ல்ட் ஆஃப் கூ' எப்படிப் பிறந்ததுன்னு படிச்சேன். 2008-ல வீயில வந்த கேம், பிசுபிசுன்னு இருக்கிற உருண்டைகளை ஒட்டி ஒட்டிக் கோபுரம் கட்டணும். 2டி பாய்ங்கிற கம்பெனி, கைல் கேப்லர், ரான் கார்மல்னு ரெண்டு பேர். கேப்லர் அதுக்கு முன்னாடி கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல நண்பர்களோட ஒரு பரிசோதனை நடத்தினார். விதி: ஒரு கேமை ஒரே ஆள், 7 நாளுக்குள்ள முடிக்கணும். அப்படி அவர் செஞ்ச ஒண்ணுதான் 'டவர் ஆஃப் கூ', பெரிய கேமோட விதை.

நாங்களும் 7 நாள் லீவு போட்டோம். ஏரியா, கடை, கதை எல்லாத்தையும் அழிச்சோம். ஒரு தெரு, ஒரு லாரி, 12 குடம். 14 எம்பி. ரூம்மேட்டோட அம்மா அதை விளையாடிட்டு 'தண்ணி வேஸ்ட் ஆகுது பாரு'ன்னு நிஜமாவே பதறினாங்க. எனக்கு அது போதும்.

எல்லாம் சுகம்னு நினைக்க வேண்டாம். டிஸ்க் இல்லாத கேமுக்குக் கடை ஒண்ணே ஒண்ணுதான், சாவி கடைக்காரர்கிட்ட. 2012-ல 'ஃபெஸ்' கேமுக்கு வந்த அப்டேட்ல, சிலரோட சேவ் ஃபைலைக் கெடுக்கிற பிழை ஒண்ணு இருந்தது. திருத்தி மறுபடி அனுப்பணும்னா மறுபரிசோதனைக்குப் பெரிய தொகை கட்டணும், எங்களால முடியாதுன்னு செஞ்சவங்க சொல்லிட்டாங்க. பிழை அப்படியே நின்னுச்சு. அடுத்த வருஷம் அந்தக் கட்டணத்தை மைக்ரோசாஃப்ட் எடுத்துட்டது.

அதைவிடப் பெரிய விஷயம், கடையே மூடுறது. வீயோட கடை ஜனவரி 2019-ல மூடிச்சு. ப்ளேஸ்டேஷன் 3 கடையை மூடப்போறோம்னு 2021-ல சோனி சொன்னது, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கிச்சு. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 29 ஜூலை 2024-ல மூடிச்சு. ஏற்கனவே வாங்கினதைத் திரும்ப இறக்கிக்கலாம், புது எக்ஸ்பாக்ஸ்ல ஓடுற பழைய கேம்களை அங்க வாங்கலாம். மத்ததெல்லாம் வாங்கினவங்களோட ஹார்ட் டிஸ்க்ல மட்டும்.

மதுரைக்கு வரேன். கேம் லிஸ்ட்டைக் கீழ தள்ளிக்கிட்டே போனப்போ 'ஸ்காட் பில்க்ரிம்' இருந்தது. ஆகஸ்ட் 2010-ல வந்த கேம், காலாண்டு லீவுக்கு நாங்க இறக்கினது. டிரையல்தான். 'தீபாவளிக்கு வாங்கித் தரேன்டா'ன்னு அண்ணன் சொன்னார், ஏதோ காரணத்துல நடக்கல. டிசம்பர் 2014-ல அந்த கேம் கடையில இருந்தே காணாமப்போச்சு. ஜனவரி 2021-ல வேற கன்சோல்களுக்குப் புதுசா திரும்ப வந்தது, அது நல்ல விஷயம். இந்தப் பெட்டிக்கு வரல.

அதாவது முழு கேமும் அங்கயே இருக்கு. எல்லா லெவலும், எல்லாப் பாட்டும், 15 வருஷமா அந்த ஹார்ட் டிஸ்க்ல. பூட்டைத் திறக்கிற லைசென்ஸை விக்கத்தான் யாரும் இல்ல. அண்ணன் டிரையலை ஓட்டினார். முதல் தெரு, பனி, அந்தப் பாட்டு. கொஞ்ச நேரத்துல 'முழு கேமையும் வாங்குங்க'ன்னு திரை வந்தது. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் அவர், 'இன்னொரு தடவை ஓட்டலாமாடா?'ன்னு கேட்டார். ஓட்டினோம்.

உங்க வீட்டுப் பரண்ல பழைய கன்சோல் இருந்தா, அதுல என்ன இருக்குன்னு பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.